தண்ணி கம்மி

"தண்ணி கம்மி. த்ரில் பத்தல. ஜீப் ரைடு மட்டும் செம. அஞ்சுக்கு மூணு ஸ்டார்."

குடகிலிருந்து பெங்களூர் திரும்பும் பேருந்தில், மைசூரைத் தாண்டும் முன்பே எங்கள் குழுவின் மதுரைப் பையன் கைபேசியில் இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டான். பக்கத்தில் இருந்த எனக்குத் தமிழில் படித்தும் காட்டினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலை ஏழரைக்கு, குஷால்நகரில் ஒரு இட்லிக் கடை வாசலில் நிற்கும்போது அப்பா மன்னார்குடியிலிருந்து கூப்பிட்டிருந்தார். அவர் சொன்னதும் அதே இரண்டு சொற்கள்தான். "தண்ணி கம்மிதாம்ப்பா. மொற வச்சுதான் உடுறாங்க. கடைசி வாய்க்கால் வரைக்கும் வருமான்னு தெரியல. அங்கெல்லாம் மழ பெய்யுதா?"

"பெய்யுதுப்பா, லேசா," என்றேன். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

2023 செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை அது. அந்த வாரத்தில்தான் கர்நாடக அரசு 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்திருந்தது. தமிழகத்துக்கு நொடிக்கு 5,000 கன அடி வீதம் தண்ணீர் விடச் சொன்ன உத்தரவை வைத்து இரண்டு மாநிலமும் முட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சனிக்கிழமையில், தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம் கட்டி, பதினெட்டுப் பேர் காலையில் துபாரேயில் ராஃப்டிங்கும் மாலையில் மண்டல்பட்டியில் ஆஃப்ரோடு ஜீப்பும் போனோம். ஒரே நாள். சனி விடிகாலை போய்ச் சேர்ந்து, நள்ளிரவுக்குள் வீடு.

இந்த ஏற்பாட்டுக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். ஆற்றில் மிதப்பதற்கோ மலையேறுவதற்கோ நான் எதிரி இல்லை. ஆற்றையும் மலையையும் ஒரே சீட்டில் கட்டி, ஒரே பகலுக்குள் முடித்து, அதற்குச் 'சாகசம்' என்று பெயர் வைத்து விற்கிறார்களே, அந்த விற்பனைதான் என் எதிரி. சாகசம் என்றால் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போவது. இந்த உலாவோ எதையும் தெரிந்துகொள்ளாமல் திரும்பி வருவதற்கென்றே திட்டம் போட்டது.

*

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளி இரவு பதினொன்றுக்குப் பெங்களூரில் ஏறினோம். குஷால்நகருக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். தூங்காத கண்ணோடு இறங்கி, ஒரு தங்குமிடத்தில் முகம் கழுவி, இட்லி தின்று, எட்டரைக்குத் துபாரே கரைக்குப் போனோம். உயிர்காப்புச் சட்டை, தலைக்கவசம், துடுப்பு. கைடு இருபத்தைந்து வயதுப் பையன். பத்து நிமிடம் பாடம் எடுத்தான். 'ஃபார்வர்ட்' என்றால் இப்படி, 'ஸ்டாப்' என்றால் இப்படி, தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்துக் காலை முன்னால் நீட்டு, படம் எடுப்பவன் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பான், அங்கே துடுப்பைத் தூக்கிக் கத்தணும். அத்தனையும் எங்களைப் பற்றியது. இது எந்த ஆறு, எங்கிருந்து வருகிறது, அடுத்து எந்த அணைக்குப் போகிறது என்று அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், அவன் ஊர்க்காரன்தான். கேட்பதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதுதான் விஷயம். அடுத்த குழு கரையில் தயாராக நின்றது.

ஆறுகளின் வேகத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. ஒன்று என்றால் குழந்தையை உட்கார வைக்கலாம். ஆறு என்றால் உயிர்மேல் ஆசை இருப்பவன் இறங்கமாட்டான். துபாரே நல்ல மழைக்காலத்தில் மூன்றைத் தொடும். அன்று ஒன்றைத் தாண்டியிருந்தால் அதிகம். நாலைந்து இடத்தில் ரப்பர் படகின் அடி பாறையில் உரசி நின்றது. ஒவ்வொரு முறையும் கைடு இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, எட்டுப் பேரோடு சேர்த்துப் படகைத் தள்ளினான். நாங்கள் இறங்கக் கூடாது, அது விதி. மூன்றாவது முறை தள்ளிவிட்டு ஏறும்போது அவன் கணுக்காலுக்கு மேல் தோல் கிழிந்து ரத்தம். "இதுக்கா மூவாயிரம் குடுத்தோம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பையன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான், "நீரு கம்மி சார், ஏனு மாடோது?"

மூன்றாவது முறையாக அதே சொல், இந்தத் தடவை கன்னடத்தில்.

கூச்சல், பாட்டு, படம். ஆழமான ஓர் இடத்தில் நிறுத்தி, விரும்பியவர்கள் குதிக்கலாம் என்றார்கள். குதித்தேன். மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர் போனதும் மேலே கத்துவது எதுவும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கரையின் மூங்கில், மேலே வெளிறிய வானம். சுகமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். எங்கள் ஊர் வாய்க்காலில் கடைசியாக அப்படி மிதந்து இருபது வருஷம் இருக்கும். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, விசில் ஊதிவிட்டார்கள். "டைம் ஆச்சு, ஏறுங்க."

ஏறினோம். மத்தியானம் பிரியாணி. அதன்பின் மடிக்கேரி, ஜீப்.

*

1869ஆம் ஆண்டு மே மாதம், ஜான் வெஸ்லி பாவெல் என்கிற அமெரிக்கர் பத்துப் பேர் கொண்ட குழுவோடு நான்கு மரப்படகுகளில் கொலராடோ ஆற்றைக் காணக் கிளம்பினார். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். அதுவரை வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக மூன்று மாதம் போனார்கள். ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது, சாப்பாடு நனைந்து புளித்தது. ஒருவர் தொடக்கத்திலேயே விலகினார், மூன்று பேர் கடைசிக் கட்டத்தில் இனி முடியாது என்று கரையேறிப் போய்க் கொல்லப்பட்டார்கள். முடிவு வரை சென்றவர்கள் ஆறு பேர். இன்று உலகம் முழுக்க ராஃப்டிங் விற்பவர்கள் பாவெலைத் தங்கள் மூதாதை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர் திரும்பி வந்து செய்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. பாவெல் பாறையைப் படித்தவர். ஒவ்வொரு வளைவிலும் மண்ணையும் மழையையும் குறித்துவைத்துக்கொண்டே போனார். 1878இல் அமெரிக்க மேற்கின் வறண்ட நிலங்கள் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். 1893இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த பாசன மாநாட்டில், இருக்கும் நிலத்துக்கெல்லாம் பாயத் தண்ணீர் கிடையாது, நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சண்டையையும் வழக்கையும்தான் சொத்தாக வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்ற பொருளில் பேசினார். கூட்டம் கூச்சலிட்டது. நூறாண்டு கழித்து அந்த ஆற்றுக்காக ஏழு மாநிலங்கள் பங்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஆற்றில் போனவன் ஆற்றைப் பற்றிச் சொல்ல ஒரு செய்தியோடு வந்தான். கேட்கப் பிடிக்காத செய்தி. என்னைப் பொறுத்தவரை சாகசத்துக்கு இலக்கணம் அதுதான். எலும்பு முறிவதும் முறியாததும் அவரவர் அதிர்ஷ்டம். நம் ஒருநாள் உலாவில் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கைடுக்குத் தெரியும், காப்பீட்டுக்காரருக்குத் தெரியும், படம் எடுப்பவனுக்குத் தெரியும். பயணிக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதற்குத்தான் அவன் காசு கொடுக்கிறான். எந்த முடிவையும் அவன் எடுப்பதில்லை, எந்த விளைவும் அவனைச் சேர்வதில்லை. துடுப்பு அவன் கையில் இருப்பது படத்துக்காக.

பெயர்களைப் பாருங்கள். குடகின் தெற்கே பராபோளே என்று மேற்கு நோக்கி ஓடும் ஆறு இருக்கிறது. ராஃப்டிங்குக்குப் பேர்போனது. அதன் பாய்ச்சல்களுக்கு 'மார்னிங் காஃபி', 'கிராஸ்ஹாப்பர்' என்றெல்லாம் பெயர். ஆற்றோடு வாழ்ந்தவன் வைத்த பெயர்கள் வேறு மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் துறை, மடு, கசம், படுகை என்று சொல்லே எச்சரிக்கும். 'கசம்' என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளை இறங்க மாட்டான். 'மார்னிங் காஃபி' என்று கேட்டால் என்ன தெரிந்துகொள்வது? எத்தனை மணிக்கு வரணும் என்பதைத் தவிர?

*

மண்டல்பட்டி, மடிக்கேரியிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர். புஷ்பகிரி மலைத்தொடரில் ஒரு புல்வெளி முகடு. 2008இல் வந்த 'காளிபட' கன்னடப் படத்தில் அந்த இடத்துக்கு 'முகிலுபேட்டே' என்று பெயர். முகில் பேட்டை, தமிழனுக்கு விளக்கமே வேண்டாம். படம் ஓடியது, கூட்டம் வந்தது, ஜீப்புகள் வந்தன.

எங்கள் ஜீப் ஓட்டுநர் நான் தமிழ் என்று தெரிந்ததும் முன்னால் உட்காரச் சொன்னார். சொந்த ஊர் சுள்ளியா. சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைத் தென்கன்னட மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள் அல்லவா, அந்தக் குடும்பம். தாத்தா கண்டியில் பிறந்தவராம். ஜீப் கடனில் வாங்கியது. ட்ரிப் கணக்கில்தான் காசு.

தார்ச்சாலை முடிந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. பின்னால் ஆறு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினார்கள். இடுப்பளவு பள்ளங்கள், சிவப்புச் சேறு, ஒரு சக்கரம் வானத்தில். ஓரிடத்தில் அவர் நல்ல தடத்தை விட்டுவிட்டு வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்குவதை முன்னால் இருந்த நான் பார்த்துவிட்டேன்.

"ஏண்ணே, அந்தப் பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருக்கு சார். அதுல போனா பதினஞ்சு நிமிசத்துல மேல போயிரலாம். அப்புறம் இவங்க கீழ வந்து, 'என்னா ஆஃப்ரோடு, பஸ்ஸுலயே வந்திருக்கலாம்'னு எழுதுவாங்க. எழுதினா ஓனர் அடுத்த ட்ரிப்ப இன்னொருத்தனுக்குக் குடுப்பாரு. இடுப்பு வலி எனக்கு, ஸ்டார் அவருக்கு." சிரித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். "நான் வந்த புதுசுல ஒரே தடந்தான் சார். மழ பேஞ்சா அதுல தண்ணி ஓடும். பள்ளமாவும். பள்ளமானா பக்கத்துல புல்லு மேல ஏத்துவோம். அதுவும் பள்ளமாவும். இப்ப பாருங்க, அஞ்சு தடம்."

எட்டிப் பார்த்தேன். பச்சை முகட்டில் ஐந்து சிவப்புக் கீறல்கள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மேலே போயின.

இந்த 'தண்ணி ஓடும்' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளி சும்மா கிடக்கும் பொட்டல் அல்ல. புல்லின் வேர் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கிறது. மழைநீரை அந்த மண் குடித்து, மெல்லக் கீழே இறக்கி, மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடு வழியாக ஓடையாகக் கசியவிடுகிறது. மடிக்கேரிப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி மூன்று நான்கு மாதத்துக்குள். அந்த மழை நான்கு மாதத்தோடு தீர்ந்துபோகாமல் ஜனவரியிலும் ஓடையில் ஓடுகிறது என்றால், இடையில் வாங்கி வைத்துக் கொடுப்பது இந்த மண்தான். அதன்மேல் ஒன்றரை டன் இரும்பு ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று ஏறி இறங்கினால் மண் இறுகுகிறது. இறுகிய மண் குடிக்காது. குடிக்காத தண்ணீர் சக்கரத் தடத்தில் ஓடும், மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். தடம் ஓடையாகும். வரவேண்டிய மாதத்தில் வராமல், வந்த அன்றைக்கே சேறோடு அணைக்குள் போய் விழும்.

எந்த அணை? மண்டல்பட்டிப் பக்கத்து மலைகளின் கிழக்குச் சரிவு மழை ஹாரங்கி ஆற்றுக்குப் போகிறது. ஹாரங்கி, குஷால்நகருக்குப் பக்கத்தில் கூடிகேயில் காவிரியில் சேர்கிறது. காலையில் நாங்கள் மிதந்த துபாரே அதற்குச் சற்று மேலே. அதாவது காலையில் எங்கள் படகைத் தரையில் உரசவிட்ட ஆறும், மாலையில் நாங்கள் கிழித்துக்கொண்டு ஏறிய மலையும் ஒரே வீட்டுக்காரர்கள். காலையில் மகள் மெலிந்திருக்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டோம். மாலையில் தாயின் மார்பில் ஜீப் ஓட்டினோம். இரண்டுக்கும் ஒரே ரசீது.

ஜீப்பால்தான் காவிரியில் தண்ணீர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும். அந்த வருஷம் பருவமழை பொய்த்தது. 2018 ஆகஸ்டில் மக்கந்தூர், ஜோடுபாலா பக்கமெல்லாம் மலை சரிந்து ஊர்கள் புதைந்தபோதும் காரணம் ஒன்று மட்டும் அல்ல. ஆனால் சரிவுகளை வெட்டி வீடும் விடுதியும் சாலையும் போட்டதை நிலவியல் ஆய்வாளர்கள் அப்போது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். அந்த மக்கந்தூர் வழியாகத்தான் மண்டல்பட்டிக்கு ஏறுகிறோம். ஓட்டுநர் கையை நீட்டி, "அங்க ஒரு லைன் வீடு இருந்துச்சு சார்," என்றார். பின்னால் இருந்தவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கேட்டிருக்காது. அந்த வண்டிக்குள் எதுவும் கேட்காது.

*

ஆட்சேபங்களுக்கு வருகிறேன். திரும்பும் வழியிலேயே சிலவற்றைக் கேட்டேன், சிலவற்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலாவது: பிழைப்பு. "அந்த டிரைவருக்குச் சோறு போடுறது இதுதானே? நீ பெங்களூர்ல ஏ.சி.ல உக்காந்துகிட்டு அவன் வயித்துல அடிக்கிறியா?" நியாயமான கேள்வி. ஆனால் இந்த வியாபாரத்தில் இடுப்பு தேய்வது யாருக்கு, கணுக்கால் கிழிவது யாருக்கு, ஸ்டார் போவது யாருக்கு என்று பார்த்தால், 'பிழைப்பு' என்ற வாதத்தைச் சொல்ல உரிமை உள்ளவர் அந்த ஓட்டுநர் மட்டும்தான். அவரோ அதைச் சொல்லவில்லை. "ட்ரிப்புக்கு இல்லாம நாளுக்குக் கூலி குடுத்தா நான் ஏன் சார் பள்ளத்துல எறக்கப் போறேன்?" என்றுதான் கேட்டார். அவர் பெயரைச் சொல்லி வாதாடுபவர்கள் அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

இரண்டாவது: இப்படி வந்தால்தான் நகரத்துப் பிள்ளைகளுக்கு இயற்கை மேல் அன்பு வரும். எனக்கும் ஒரு காலத்தில் இந்த நம்பிக்கை இருந்தது. 2023 டிசம்பரில் இமாசலப் பிரதேசத்தில், சாலையில் நெரிசல் என்று ஒருவர் தன் வண்டியைச் சந்திரா ஆற்றுக்குள் இறக்கி ஓட்டிப் போனார். காணொளியை நாடே பார்த்தது. போலீஸ் அபராதம் போட்டது, 3,500 ரூபாய். அவரும் இயற்கையைப் பார்க்கப் போனவர்தான். வண்டி விளம்பரங்களில் ஓடையைக் கிழித்துக்கொண்டு போகும் சக்கரத்தை வருஷக்கணக்கில் பார்த்தவனுக்கு ஆறு என்பது இன்னொரு பாதை. அன்பு வருகிறது, மறுக்கவில்லை. வண்டியின் மேல் வருகிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னைத் தொட்டது. எங்கள் குழுவில் ஒரு பெண், விழுப்புரம் பக்கத்துக்காரர். "அண்ணா, எங்க ஊர் ஏரியில பசங்க குளிப்பாங்க, நான் கரையில நிக்கணும். முப்பது வயசுல இன்னைக்குத்தான் மொத மொதலா தண்ணியில எறங்கினேன். அதையும் தப்புன்னு சொல்லாதீங்க," என்றார். சொல்ல மாட்டேன். அவர் சந்தோஷம் பொய்யில்லை, என் ஒரு நிமிட மிதப்பும் பொய்யில்லை. ஆற்றில் ஆடுவது நமக்குப் புதிதா? பரிபாடலில் வையைப் புதுப்புனலுக்கு ஊரே திரண்டு போகிறது. ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனதும் புனல் விழாவில்தான், ஆதிமந்தி கரையெங்கும் தேடி அலைந்ததும் அதே ஆற்றங்கரையில்தான். ஆடினார்கள். ஆனால் வெள்ளம் எப்போது வரும் என்று காத்திருந்து, வந்த பிறகு போனார்கள். ஆற்றின் நாளுக்கு மனிதன் போனான். நாம் நம் சனிக்கிழமைக்கு ஆற்றை வரச் சொல்கிறோம், வரவில்லையென்றால் இரண்டு ஸ்டார் குறைக்கிறோம்.

அந்தத் தோழிக்கு நான் சொல்ல நினைத்து, தூக்கக் கலக்கத்தில் சொல்லாமல் விட்டது இதுதான்: உங்களை ஏமாற்றியது நான் இல்லை. முப்பது வருஷம் காத்திருந்த உங்களை ஆற்றில் இறக்கிவிட்டு, ஜீப்புக்கு நேரமாச்சு என்று விசில் ஊதினார்களே, அவர்கள்தான்.

ஆகவே என் எதிர்ப்பு இந்தக் 'காம்போ' மேல்தான். ஆறு மட்டும் என்றால் பகல் முழுக்க இருக்கலாம். தண்ணீர் கம்மியா, கரையோரமாக நடக்கலாம், கைடைப் பேசவிடலாம். பேசவிட்டால் பேசத் தெரிந்தவன் அவன். மலை மட்டும் என்றால் தார்ச்சாலை முடியும் இடத்தில் இறங்கி நடந்து ஏறலாம். முடியாதவர்களுக்கு ஒரே தடத்தில், எண்ணிக்கை வைத்து, நாள் கூலி கொடுத்து ஜீப் ஓட்டலாம். இரண்டையும் ஒரே பகலில் திணிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது நேரம். நேரம் போனால் பேச்சு போகிறது, பேச்சு போனால் அறிவு போகிறது. மிச்சம் இருப்பது குலுக்கல். குலுக்கலை அதிகமாக்கத்தான் பள்ளத்தில் இறக்குகிறார்கள். சிட்டியும் தி. ஜானகிராமனும் தலைக்காவிரியிலிருந்து கடல்வரை இதே ஆற்றோடு போய் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். எல்லோரும் அப்படி எழுத வேண்டியதில்லை. ஆற்றின் பெயரையாவது தெரிந்துகொண்டு வரலாம்.

இந்தக் கடைசி வரியைக் கேலிக்காக எழுதவில்லை.

*

அடுத்த வாரம், 21ஆம் தேதி, 5,000 கன அடி உத்தரவில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்தது. 26ஆம் தேதி பெங்களூரில் பந்த். அலுவலகம் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. எனக்குப் பழைய பயம் இருந்தது. 2016 செப்டம்பர் 12 அன்று இதே ஊரில் தமிழ்நாட்டு எண் போட்ட பேருந்துகள் வரிசையாக எரிந்ததன் புகையை என் அறை மாடியிலிருந்து பார்த்தவன் நான். அன்று முழுக்கக் கதவைத் திறக்கவில்லை.

காலை பத்து மணிக்கு மதுரைப் பையன் கூப்பிட்டான். நல்ல பையன், அக்கறையானவன். "அண்ணா, சாப்பாடு எதுவும் ஆர்டர் பண்ணாதீங்க. வெளிய போனா தமிழ்ல பேசாதீங்க. என்னண்ணா இது, இந்தக் காவேரிப் பிரச்சினையால நம்மளுக்கு ஒவ்வொரு வருசமும் ரோதனை. நம்மளுக்கும் அதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?"

"பத்து நாளைக்கு முன்னாடி அதுக்குத்தானடா மூணு ஸ்டார் குடுத்த?" என்றேன்.

கொஞ்ச நேரம் அவனிடமிருந்து சத்தம் இல்லை. "எதுக்கு?"

"துபாரேல நாம போனது காவேரி."

"அது காவேரியாண்ணா?" என்றான். நிஜமாகவே அதிர்ந்திருந்தான். "துபாரேன்னு ஒரு ஆறுன்னுல்ல நெனச்சேன்."

அவனைத் திட்டத் தோன்றவில்லை. படகில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டு மணி நேரம். காலையில் அப்பாவிடம் பேசியிருந்தவன். எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் துடுப்பைத் தூக்கிக் கத்தச் சொன்னபோது கத்தினேன். அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அக்டோபரில் பாசனத்துக்கு மேட்டூரை மூடியபோது, அப்பா குறுவையில் பாதியைத்தான் அறுத்திருந்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கைபேசியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அந்தப் படத்தில் நின்றுவிட்டார். பெரிதாக்கி, என் முகத்தை விட்டுவிட்டு, படகுக்குக் கீழே பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"செப்டம்பர்ல."

"தண்ணி இருந்துருக்கேப்பா," என்றார்.